ஜூனோவில் இறங்குவது யார்?

அத்தியாயம் ஒன்பது

வெளியே ஜூன் மாத வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் வீட்டின் வரவேற்பறையில் சாகுல் ஹமீது வின்டர் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்.

கழுத்து வரை ஜிப். காதை மூடிய கம்பளித் தொப்பி. இரண்டு கையிலும் உறை. இடுப்புக்குக் கீழே மட்டும் வழக்கமான கட்டம் போட்ட கைலி.

"எப்படி இருக்கு சல்மா?"

"துவாஸ்ல ஐஸ் கிடங்குக்கு மீன் இறக்கப் போற ஆளு மாதிரி இருக்கு," என்றாள் உம்மு சல்மா.

அவர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அந்த அதிகப்படிச் சிரிப்பைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

திருமண நாள் பரிசு என்று சொல்லி, ஒரே மகள் முனீரா அலாஸ்கா கப்பல் பயணத்தை அவர்கள் முன்னால் வைத்ததிலிருந்தே உம்மு சல்மாவுக்கு உறுத்தல். வான்கூவரில் கப்பலேறி, பனிமலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பயணம். இருவருக்கும் அதுதான் முதல் கப்பல். அவளுக்குக் கப்பல் ஆசை இருந்தது உண்மை. பினாங்கு வரைக்குமாவது போய் வரலாம் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "கடல்ல மிதக்குற அடுக்குமாடி புளோக்கு அது. நம்ம புளோக்கே போதும்" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தவர் இவர். சினிமா தியேட்டருக்குச் சால்வை எடுத்துக்கொண்டு போகிற மனுஷர். மின்விசிறியை ஒன்றில் வைத்தாலே தும்முகிறவர்.

அப்படிப்பட்டவர், முனீரா அலாஸ்கா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்தால்?

உம்மு சல்மா தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுப்பாட நோட்டை பஸ்ஸில் விட்டுவிட்டேன் டீச்சர் என்று சொல்லும் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவள். பொய் சொல்கிற பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கும் என்பார்கள். அவள் அனுபவம் வேறு. பொய் சொல்கிற பிள்ளை, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும்.

முனீரா தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் பெரிய தண்ணீர் பாட்டில். காலில் நடைப்பயிற்சிக் காலணி.

"வாப்பா, சூப்பரா இருக்கு! உம்மா, நீங்க உள்ள போடற தெர்மல் வாங்கிட்டீங்களா? அது இல்லாம ஜாக்கெட் மட்டும் போட்டா பத்தாது."

"இன்னைக்கு வாங்கறோம். சுரேந்தர் ஏஜென்சியில விளக்கக் கூட்டம் இருக்கு. அப்படியே கடைக்கும் போய்ட்டு வர்றோம்." உம்மு சல்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் எங்ககூட வாயேன் முனீரா. கடைக்கு இல்ல, கப்பலுக்கு."

"லீவு கிடைக்காது உம்மா. ஸ்கூல்ல ஆளே பத்தல. பிரின்சிபல் கொன்னுடுவாங்க லா."

கேள்வியின் கடைசி வார்த்தை காற்றில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

முனீரா பாட்டிலைத் திறந்து குடிக்கக் கை உயர்த்தியபோது முழங்கையின் உள்பக்கத்தில் பஞ்சு வைத்த சின்ன பிளாஸ்திரி தெரிந்தது.

"என்ன அது?"

"பிளட் டொனேஷன் உம்மா. ஸ்கூல் பக்கத்துல கேம்ப் போட்டிருந்தாங்க."

"போன மாசமும் கொடுத்தேன்னு சொன்னியே."

"அது வேற லா," என்று சொல்லிவிட்டு முனீரா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ரத்தத்தில் என்ன வேற? உம்மு சல்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜிப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். ஜிப் ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது.

*

சுரேந்தரின் பயண ஏஜென்சி, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டு தம்பதிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லாருக்கும் இதுதான் முதல் கப்பல்.

"மூணு அடுக்கு," என்றார் சுரேந்தர். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பனிமலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றாள். "உள்ளே தெர்மல். நடுவுல கம்பளி. வெளிய காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். ஜூன் மாசம்தானே, சம்மர்தானேன்னு யாரும் டி-ஷர்ட்டோட கெளம்பிடாதீங்க. நம்ம ஊரு ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுட்டு அதுக்குள்ள உக்கார்ற மாதிரி இருக்கும். பனிமலை பக்கத்துல போறப்ப டெக்குல காத்து அடிக்கும் பாருங்க, அப்ப என்னை நினைச்சுக்குவீங்க."

கப்பல் ஆடினால் எப்போது மாத்திரை போடுவது, ஏறின அன்றே நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும், பெட்டியில் அறை எண் அட்டையை எப்படி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அலங்கார இரவு விருந்துக்குப் பட்டுப்புடவை கட்டலாமா என்று ஒரு அம்மா கேட்டார். தாராளமா, என்றார்.

உம்மு சல்மா கை தூக்கினாள். "அங்க சூரியன் மறையவே லேட்டாகும்ங்கறாங்க. மஃரிப், இஷா தொழுகைக்கெல்லாம் எப்படி?"

சுரேந்தர் போனில் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "ஆன்ட்டி, ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சமா இருக்குமாம். இஷா தொழுதுட்டுப் படுத்தா உடனே சுபுஹுக்கு எழுப்பிவிடுவாங்க போல. ஹலால் சாப்பாட்டுக்கு மட்டும் நான் முன்னாடியே எழுதிட்டேன், கவலைப்படாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உம்மு சல்மாவும் சிரித்தாள். ஒரு கணம் மனசு லேசானது. ஒருவேளை நான்தான் இல்லாததையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறேனோ, மகள் ஆசையாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத மண்டு ஆகிவிட்டேனோ என்றுகூட நினைத்தாள்.

"அப்புறம், சாகுல் சார் போன வாரம் ஒரு நல்ல கேள்வி கேட்டாரு," என்றார் சுரேந்தர். "எல்லாருக்கும் பயன்படும், சொல்லிடறேன். பயணத்துக்கு நடுவுல அவசரமா ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தா என்ன பண்றது? ஜூனோன்னு ஒரு ஊர்ல கப்பல் நிக்கும். அங்க ஏர்போர்ட் இருக்கு. வெளியூருக்கு ரோடே கிடையாது, பிளேன்தான். சியாட்டில் வந்து, அங்கிருந்து சிங்கப்பூர் வந்துடலாம். ஆனா கப்பல்ல முன்கூட்டியே சொல்லிடணும்."

அவர் சாகுல் ஹமீது பக்கம் திரும்பினார். "ஒருத்தர் மட்டும் இறங்கிட்டு, கூட வந்தவங்க அதே கேபின்ல தொடர்ந்து போகலாமான்னும் கேட்டீங்கல்ல சார்? கம்பெனியில விசாரிச்சுட்டேன். போகலாம். பிரச்சினை இல்ல."

சாகுல் ஹமீது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வெகுநேரம் சரிசெய்தார்.

உம்மு சல்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது கேட்டாள். "ஜூனோவுல யாரு இறங்கப் போறது?"

"சும்மா கேட்டு வச்சேன் சல்மா. வயசான காலம். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"ஒருத்தர் மட்டும் இறங்கறது என்ன பாதுகாப்பு?"

அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், காதில் வைக்கவில்லை. "நீ கடைக்குள்ள போய்த் தெர்மல் பார்த்துட்டு இரு. இதோ வந்துடறேன்." பூமாலைக் கடைகளைத் தாண்டி, சந்தின் மறுமுனை வரை நடந்துபோய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

நாணயமாற்றுக் கடை நடத்தியவர். எதிரில் நிற்பவருக்குத் தன் மனசு தெரியாமல் பேசுவதையே தொழிலாகச் செய்தவர். அந்தத் திறமையை வீட்டுக்குள் அவர் கொண்டுவந்ததில்லை, இந்த மாதம் வரைக்கும்.

*

சையத் ஆல்வி ரோட்டுப் பெரிய கடையின் மாடியில் குளிர் ஆடைகள் கிடந்த பகுதியில், உம்மு சல்மா ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் எழுதியிருந்ததைப் படிக்காமல் நின்றாள்.

"ஆன்ட்டி! முனீரா உம்மாதானே?"

ரக்ஷனா. முனீரா கற்றுக்கொடுக்கிற அதே பாலர் பள்ளியில் வேலை பார்க்கிற பெண். நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்து பிரியாணியை இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டவள்.

"அலாஸ்கா ஷாப்பிங்கா ஆன்ட்டி? Wah, so nice! எனக்கு அவ்ளோ பொறாமையா இருக்கு. முனீரா ரொம்ப லக்கி. ஒன்றரை மாசம் long leave, பிரின்சிபல் ஒரு வார்த்தை பேசாம கொடுத்துட்டாங்க. அவ கிளாஸை நான்தான் பார்த்துக்கப் போறேன், தெரியுமா?"

உம்மு சல்மாவின் கை பெட்டியை இறுக்கியது. முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது. வகுப்பறை கற்றுக்கொடுத்த பாடம் அது. விஷயம் முழுசாக வெளியே வரும்வரை பிள்ளையை மிரட்டக் கூடாது.

"ஆமாம்மா. எந்தத் தேதியில இருந்து லீவு போட்டிருக்கா? எனக்கு எல்லாம் மறந்துபோகுது."

"நீங்க கிளம்பற வாரத்துல இருந்துதான் ஆன்ட்டி. கப்பல் முடிஞ்சு வேற எங்கயாவது போறீங்களா? Europe? கேட்டா சொல்லவே மாட்டேங்கறா. ரொம்ப secret!"

"எனக்கும்தாம்மா சொல்லல," என்றாள் உம்மு சல்மா. ரக்ஷனா அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்து, கையசைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு உம்மு சல்மா அங்கே இருந்த சின்ன முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஒன்றரை மாசம். கப்பலுக்கு வர லீவு இல்லை, ஆனால் உம்மாவும் வாப்பாவும் நாட்டை விட்டுக் கிளம்புகிற வாரத்திலிருந்து ஒன்றரை மாசம் லீவு.

முதலில் தோன்றியது கல்யாணம். யாருக்கும் தெரியாமல் யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறாள். முப்பது தாண்டிய பெண். கேட்டால் நாங்கள் மறுத்திருப்போமா? பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கைமடிப்பில் ரத்தம் எடுத்த பிளாஸ்திரி. சீனி போட்ட தேநீரை விட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் மட்டும் குடிப்பது. நாள் தவறாத நடை. சென்ற வாரம் அவள் கட்டிலில் பார்த்த புதுச் சட்டைகள், முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டைகள்.

தொளதொளச் சட்டை எதற்கு?

அது பெற்றவள் நினைக்கக் கூடாதது. ஆனால் நினைத்துவிட்டாள். அதுவும் வாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உம்மாவைக் கப்பலில் ஏற்றி உலகத்தின் மறு கோடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

*

தேக்கா உணவங்காடியில் சனிக்கிழமைக் கூட்டம். ஓரமாக ஒரு மேசை பிடித்து, சாகுல் ஹமீது தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"வாங்கிட்டியா? சைஸ் சரியா இருந்துச்சா?"

"வாங்கிட்டேன். நான் யோசிச்சேன். முனீராவுக்கும் ஒரு டிக்கெட் இருக்கான்னு சுரேந்தர்கிட்ட கேட்டுட்டு..."

"கிடைக்காது சல்மா. ஸ்கூல்ல ஆள் இல்ல. அவளே சொன்னாளே."

"ரக்ஷனாவைப் பார்த்தேன்."

அவர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்ப மேசையில் வைத்தார்.

"ஒன்றரை மாசம் லீவாம். நாம ஏர்போர்ட்டுக்குப் போற வாரத்துல இருந்து. உங்களுக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லாதீங்க, உங்க காது சிவக்குது." அவள் முன்னால் குனிந்தாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அவ வயித்துல ஏதாவது...?"

"அஸ்தஃபிருல்லாஹ்!" அவர் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாயைக் கழுவு சல்மா! பெத்த பொண்ணைப் பத்தி நீயே இப்படிப் பேசலாமா?"

"பின்ன எப்படிப் பேசச் சொல்றீங்க? ஆளுக்கு ஒரு பொய் சொல்லி என்னைப் பொட்டலம் கட்டி அனுப்பப் பார்க்கறீங்க. நான் என்னத்தை நினைக்கறது?"

சாகுல் ஹமீது தலையிலிருந்த தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடி எடுத்தார்.

"லாத்தாவுக்கு," என்றார்.

"என்ன லாத்தாவுக்கு?"

"முனீரா அவ கிட்னி ஒண்ணை லாத்தாவுக்குக் கொடுக்கறா."

சுற்றிலும் தட்டுகள் மோதும் சத்தம், ரொட்டி வீசும் சத்தம், யாரோ ஒரு பெண் தோசைக்குச் சட்னி கேட்கும் சத்தம். உம்மு சல்மாவுக்கு எல்லாம் கேட்டது. கணவர் சொன்னது மட்டும் உள்ளே இறங்க நேரம் பிடித்தது.

லாத்தா என்றால் ஆமினா பீவி. சாகுல் ஹமீதின் மூத்த சகோதரி, பாசிர் ரிஸ்ஸில் தனியாக இருப்பவர். தாய் போனபிறகு தம்பியைச் சோறூட்டி வளர்த்தவர். உம்மு சல்மாவும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிட்ட காலத்தில். முனீராவுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்கு வலிப்பு நோய் இருக்கு, மறைச்சுக் கட்டிக் கொடுத்தா பாவம்" என்று சொன்னவர் அவர்தான். மூன்று வயதில் காய்ச்சல் ஏறி ஒரே ஒரு முறை வந்த வலிப்பு. கல்யாணம் நின்றது. அதற்குப்பின் வந்த வரன்களும் எங்கிருந்தோ கேள்விப்பட்டு நழுவின. அன்றிலிருந்து உம்மு சல்மா பாசிர் ரிஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"எந்த உடம்புல குறைன்னு ஊரெல்லாம் சொன்னாங்களோ," அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், "அந்த உடம்புல இருந்துதான் இப்ப எடுக்கணுமா?"

"லாத்தா கேக்கல சல்மா. வல்லாஹி, கேக்கல. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்ல கிடக்கறாங்க. நான் கொடுக்கறேன்னு போனேன். சக்கரை இருக்கு, ஆகாதுன்னுட்டாங்க. முனீரா எனக்கே தெரியாம டெஸ்ட் பண்ணிட்டு வந்து நிக்கறா. ஒத்துப்போகுதாம். நீ சம்மதிக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதான்..."

"அதான் கப்பல்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"என்னைக்கு ஆபரேஷன்?"

"நாம ஜூனோவுக்குப் போறதுக்கு முந்தின நாள்."

"இறங்கறது நீங்களா?"

"லாத்தாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் மட்டும் வந்து மண்ணு போட்டுட்டு... உன்கிட்ட பழைய கடை விஷயம்னு சொல்லிட்டு வந்துடலாம்னு நினைச்சேன்."

"முனீராவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

சாகுல் ஹமீது தே தாரிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

உம்மு சல்மா எழுந்தாள். தெர்மல் பை மேசையிலேயே இருந்தது. அவர் "சல்மா, சல்மா" என்று கூப்பிடக் கூப்பிடக் கூட்டத்தில் நுழைந்து ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

*

பூகிஸில் ரயில் மாறினாள். காலாங்கில் ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறியதும் கண்ணைக் கூச வைக்கும் வெயில். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே வந்தது. முதலில் கணவர். பிறகு முனீரா. பிறகு மறுபடி முனீரா. எடுக்கவில்லை.

கோபத்தை விடவும் அவளை அரித்தது வேறொன்று. இந்த ஒரு மாதமாக மகள் கட்டிப்பிடித்துக் கொஞ்சியது, பனிமலைப் படங்களைக் காட்டி ஆசை மூட்டியது, உம்மா உங்க காலுக்கு நல்ல பூட்ஸ் வேணும் என்று தரையில் உட்கார்ந்து பாதத்தை அளந்தது, இதில் எது நிஜம், எது தன்னைக் கிளப்பிவிடுவதற்காகச் செய்தது? பரிசு என்று கொடுத்தது, அவளை வெளியே நிறுத்திவிட்டுப் போடுகிற பூட்டு. பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்து அழகாக இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ஆமினா பீவியிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டாள். பாசிர் ரிஸ்ஸில் இறங்கும்போது முழுப் பேச்சும் தயாராக இருந்தது.

லிஃப்டை விட்டு வெளியே வந்து, மணியை அழுத்தினாள்.

கதவு மெதுவாகத் திறந்தது. இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற பெண்ணை உம்மு சல்மாவுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. பருத்த, கணீரென்று பேசுகிற ஆமினா பீவியைத்தான் அவள் மனசில் திட்டிக்கொண்டு வந்தாள். இவர் பாதி ஆளாக இருந்தார். முகம் மண் நிறத்தில் இருந்தது. இடது கையில், ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறுபோலத் திரண்டு நின்றது.

"சல்மா!" பூட்டைத் திறக்க அந்தக் கை தடுமாறியது. "யா அல்லாஹ், நீயே வந்துட்டியா!"

உள்ளே வந்ததும் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவற்றில் முகத்தைப் புதைத்து ஆமினா பீவி அழுதார். உம்மு சல்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"நான் தம்பிகிட்ட ஒரே பேச்சாச் சொல்லிட்டேன் சல்மா. பெத்தவ சரின்னா சரி. அவ வாயால வராம நான் அந்தப் புள்ளைகிட்ட இருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வாங்க மாட்டேன்னேன். நீ சரின்னுட்டேன்னு வந்து சொன்னான் பாரு, அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல. நீ எனக்கா சரின்னு சொன்னே? எனக்கா?"

உம்மு சல்மாவின் வாயில் தயாராக இருந்த பேச்சு அப்படியே நின்றது.

"போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், சல்மா மனசு இன்னும் ஆறல, அவகிட்டப் பேசாதேன்னுட்டான். சரி, அவ சம்மதிச்சதே பெருசுன்னு இருந்துட்டேன்."

ஆக, பொய் ஒன்றல்ல. அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இரண்டு பெண்களையும் தனித்தனியாக வைத்து, இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் நாணயம் மாற்றியிருக்கிறார் மனுஷர்.

உம்மு சல்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தாலே போதும், அது சம்மதமாகிவிடும். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றுவிடும். எதிரில் நின்ற உருவத்தைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள்.

"லாத்தா," என்றாள். அந்தச் சொல் வெளியே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் சரின்னு சொல்லவே இல்ல. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு எதுவுமே தெரியாது."

ஆமினா பீவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்தபடி போய், மெத்தை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகை நின்றிருந்தது.

"அப்படியா," என்றார். "அதானே பார்த்தேன்."

ஆமினா பீவி முந்தானையின் நுனியை மடிமேல் நீவினார்.

"அன்னைக்கு நான் அந்த வீட்டாளுங்ககிட்ட சொன்னது..."

"இப்ப அது வேணாம்," என்றாள் உம்மு சல்மா. "அதுக்கு நான் இன்னொரு நாள் வர்றேன். வராம விடமாட்டேன்."

ஆமினா பீவி தலையாட்டினார். பக்கத்தில் கிடந்த போனை எடுத்தார். "முனீராவைக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடறேன். ஆஸ்பத்திரியிலயும் சொல்லிடறேன். நீ கவலைப்படாம கப்பலுக்குப் போய்ட்டு வா."

விரல் பெயரைத் தேடியது. உம்மு சல்மா எழுந்து போய் அந்தப் போன்மேல் கையை வைத்தாள்.

"வைங்க."

"ஏன் சல்மா?"

"நீங்க நிறுத்திட்டா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா, ஆயுசு பூரா அவ என்னைத்தான் பார்ப்பா. நிறுத்தறதா இருந்தா நான் அவகிட்ட பேசி நிறுத்தறேன். கொடுக்கறதா இருந்தாலும் நான் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுத்தான். நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. இனிமே என் பேரைச் சொல்லிக்கிட்டு வேற யாரும் பேசக் கூடாது. அவ்ளோதான்."

வெளிக்கதவில் சாவி போடும் சத்தம் கேட்டது.

முனீரா உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் அந்த வீட்டுச் சாவி. இந்த வீட்டுக்கு முனீராவிடம் சாவி இருக்கிறது என்பதும் உம்மு சல்மாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"உம்மா, வாப்பா போன் பண்ணாங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"கேக்கறேன். எல்லாத்தையும் கேக்கறேன். ஆனா உன் வாயால இல்ல." உம்மு சல்மாவின் குரல் உயரவில்லை. "இந்த மாசம் பூரா நீ சொன்னதுல எது உண்மைன்னு எனக்குத் தெரியல. திங்கட்கிழமை என்னை உன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உன் உடம்பு தாங்குமா, பின்னால என்ன ஆகும், எல்லாத்தையும் அவங்க சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்."

"போகலாம் உம்மா." முனீரா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "ஆனா முதல்ல நான் மட்டும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேனே. அப்புறம் நாம..."

"ஏன்?"

"சும்மாதான்."

இந்தத் தடவையும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. உம்மு சல்மா ஆமினா பீவியைப் பார்த்தாள். இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ஆமினா பீவியின் நெற்றியும் சுருங்கியிருந்தது.

"என்ன முனீரா?" என்றார் ஆமினா பீவி. "எல்லா டெஸ்டும் நல்லா இருக்குன்னுதானே என்கிட்ட சொன்னே?"

முனீரா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மு சல்மா ஒரு நாற்காலியை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டாள்.

ஆமினா பீவி எழுந்து போய் வெளிக்கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு வந்தார்.

"உட்காரும்மா," என்றார்.